சேன்-சிமோன் டியூக்கின் சாட்சியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1755ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று பாரிஸ் நகரில் எண்பது வயதான பிரபு ஒருவர் இறந்தார். கடன் கொடுத்தவர்களின் உரிமையைக் காப்பதற்காக அவருடைய உடைமைகளுக்கு முத்திரை வைக்கப்பட்டபோது, கன்றுத்தோலால் ஆன பதினொரு உறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த கையெழுத்துப் பிரதி ஒன்றும் அவற்றோடு சேர்ந்து முடங்கியது. 173 குறிப்பேடுகள், ஏறத்தாழ 2,850 பக்கங்கள், எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்டவை. 1691 முதல் 1723 வரையிலான பிரெஞ்சு அரசவையின் வாழ்க்கை அவற்றில் இருந்தது. எழுதியவர் லூயி த ரூவ்ருவா, சேன்-சிமோனின் இரண்டாம் டியூக். சமூகவியல் படித்தவர்கள் அறிந்த சேன்-சிமோன் வேறொருவர். 1760இல் பிறந்த அந்தச் சோசலிசச் சிந்தனையாளர் இதே குலத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்தவர். இங்கே ஆராயப்படுபவர், பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையைப் பற்றி நாம் இன்று மனத்தில் வைத்திருக்கும் சித்திரத்தைப் பெருமளவுக்குத் தீட்டியவர்.

ஒரு வழக்கில் சாட்சியை எப்படி நிறுத்தி விசாரிப்போமோ அப்படி அவரை விசாரிப்பதே இந்த ஆய்வின் நோக்கம். அவர் எங்கே நின்று பார்த்தார், யாரிடம் கேட்டார், யார் மீது பகை கொண்டிருந்தார், பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் ஓடின என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். பதவி வரிசையில் அவர் கொண்டிருந்த வெறி, அவருடைய சாட்சியத்தைக் கெடுத்த குறை என்று பலரும் சொல்வதுண்டு. அந்த வெறி இல்லையென்றால் அந்தச் சாட்சியமே பிறந்திருக்காது என்பது என் முடிவு.

அவர் 1675 ஜனவரியில் பிறந்தபோது அவருடைய தந்தை க்ளோதுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். பதின்மூன்றாம் லூயியின் வேட்டைப் பணியாளராகத் தொடங்கிய க்ளோத், களைத்த குதிரையிலிருந்து புதிய குதிரைக்கு மன்னர் தரையில் கால் வைக்காமலே மாறும்படி, புதிய குதிரையைத் தலைமாற்றி ஒட்டி நிறுத்தும் உத்தியால் மன்னரின் கண்ணில் பட்டவர். மன்னரின் அன்பு அவரை 1635இல் டியூக் ஆகவும் 'பியர்' ஆகவும் உயர்த்தியது. பியர் என்பது வெறும் பட்டம் அன்று. பாரிஸின் உயர் நீதிமன்றமான பார்லமானில் அமரும் உரிமையும், அரசவைச் சடங்குகளில் மற்றப் பிரபுக்களுக்கு முன்னே நிற்கும் மரியாதையும் அதில் அடங்கும். டியூக்கின் மனைவி அரசியின் முன்னிலையில் சாய்மானம் இல்லாத ஒரு சிறு ஆசனத்தில் அமரலாம். மற்றப் பெண்கள் நிற்க வேண்டும். யார் உட்கார்ந்தார், யார் நின்றார், கதவின் எத்தனை மடல்கள் யாருக்காகத் திறக்கப்பட்டன என்பவைதான் அங்கே ஒருவரின் மதிப்பைக் கண்ணுக்குக் காட்டும் மொழி. அந்தப் பெருமை தன் குடும்பத்துக்கு வந்து ஒரு தலைமுறைகூட முடியவில்லை என்பதை மகன் அறிந்திருந்தார். புதிதாகக் கிடைத்த முதல் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுபவனின் பதற்றம் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு விலகவில்லை.

1691இல் அரசரின் மஸ்கட்டியர் படையில் சேர்ந்து, 1692இல் நமூர் முற்றுகையிலும் 1693இல் நேர்விண்டன் போரிலும் கலந்துகொண்டார். அதே 1693இல் தந்தை இறக்க, பதினெட்டு வயதில் டியூக் ஆனார். நேர்விண்டனில் அவருடைய படைத்தலைவராக இருந்து வென்றவர் மார்ஷல் லுக்சம்பூர். வெற்றியின் புகழ் தணியுமுன் அந்த மார்ஷல், பியர்களின் வரிசையில் தமக்குரிய பதினெட்டாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு உயர்த்துமாறு வழக்குத் தொடுத்தார். அதனால் பின்னுக்குத் தள்ளப்படவிருந்தவர்களில் சேன்-சிமோனும் ஒருவர். பத்தொன்பது வயது இளைஞர், நாடே கொண்டாடிய தளபதிக்கு எதிராக மற்ற டியூக்குகளோடு வழக்கில் இறங்கினார். இனி அவர் கீழ் பணிபுரிவது தகாது என்று வேறு படைக்கு மாற்றமும் கேட்டுப் பெற்றார். அப்படித்தான் 1694 கோடையில் ரைன் நதிக்கரையில் மார்ஷல் லோர்ஜின் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அங்கே, அந்த ஜூலை மாதத்தில், பழைய தளபதியும் தூதருமான பாசோம்பியரின் நினைவுக் குறிப்புகளைப் படித்த ஊக்கத்தில், தாமும் எழுதத் தொடங்கியதாக அவரே சொல்கிறார். அடுத்த ஆண்டு லோர்ஜின் மகள் மரி-கப்ரியேலை மணந்தார். ஒரு பதவி வரிசைச் சண்டை அவருக்குப் பகையையும் புகலிடத்தையும் மனைவியையும் நூலின் முதல் பக்கத்தையும் ஒருசேரத் தந்தது.

எழுதுவது பாவமாகுமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. பிறரைப் பற்றிய கசப்பான உண்மைகளை எழுதி வைப்பது கிறித்தவ அன்புக்குப் பொருந்துமா என்று 1699இல் லா த்ராப் மடத்தின் துறவி ராங்சேயிடம் கடிதம் வழியே அறிவுரை கேட்டார். ராங்சேயை அவர் தந்தையைப் போல் மதித்தார். ஆனால் அந்த மதிப்பே ஒரு சிறு வஞ்சனைக்கும் அவரைத் தூண்டியிருந்தது. தம்மை ஓவியமாகத் தீட்ட ராங்சே ஒருபோதும் இசையமாட்டார் என்பதால், 1696இல் புகழ்பெற்ற ஓவியர் ரிகோவை, துறவியைக் காண ஏங்கும் இராணுவ அதிகாரி என்று சொல்லி மடத்துக்கு அழைத்துச் சென்றார். திக்குவாய் உள்ளவராதலால் அவர் அதிகம் பேசமாட்டார் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். ரிகோ வாய் திறக்காமல் துறவியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்து நினைவிலிருந்து தீட்டினார். பார்க்கப்படுபவர் அறியாமல் பார்ப்பது, பார்த்ததை மனத்தில் தூக்கிச் சென்று தனி அறையில் வரைவது: சேன்-சிமோன் அடுத்த அறுபது ஆண்டுகள் செய்யப்போவதும் இதுவே.

பதவி உயர்வில் தாம் கடந்து செல்லப்பட்டதும் 1702இல் உடல்நிலையைக் காரணம் காட்டிப் படையை விட்டார். இதோ இன்னொருவரும் நம்மை விட்டுப் போகிறார் என்று மன்னர் சொன்னதாக அவருக்குச் செய்தி வந்தது. அதன் பின் மன்னரின் முகம் அவர் பக்கம் முழுமையாகத் திரும்பவேயில்லை. 1710 ஜனவரியில் மன்றாடிப் பெற்ற தனிச் சந்திப்பில், அவர் அளவுக்கு மீறிப் பேசுவதும் குறை சொல்வதும்தான் காரணம் என்று மன்னர் நேரடியாகவே கூறினார். ஆனாலும் அவ்வாண்டே அவருடைய மனைவி, மன்னரின் பேரனை மணந்த பெர்ரி கோமகளின் தலைமைத் தோழியாக நியமிக்கப்பட்டதால், வெர்சாய் அரண்மனைக்குள்ளேயே நல்ல குடியிருப்பு கிடைத்தது. அதிகாரம் எதுவும் கையில் இல்லை. ஆயினும் எல்லாக் கதவுகளுக்கும் அருகில் இருந்தார். சாட்சியாக இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் கற்பனை செய்ய இயலாது.

அவர் காதுக்குச் செய்தி கொண்டுவந்தவர்களின் தரமும் கவனிக்கத்தக்கது. அமைச்சர் ஷமிலார், மன்னரின் ஆலோசனைச் சபையில் இருந்த பொவில்யே டியூக், மன்னரின் அறுவை மருத்துவர் மரேஷால், மனைவியின் தங்கையை மணந்த முதியவரான லோசூன் ஆகியோர் அவரோடு நெருக்கமாகப் பழகினார்கள். மன்னரின் தம்பி மகனான ஒர்லேயான் டியூக் இளமை முதலே நண்பர்.

நேரில் கண்டதை அவர் எப்படி எழுதுகிறார் என்பதற்கு 1711 ஏப்ரல் 14 இரவு போதும். பட்டத்து இளவரசர் மூதோன் மாளிகையில் பெரியம்மையால் இறந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி வெர்சாய்க்கு எட்டியதும், படுக்கையிலிருந்து எழுந்தபடியே அரைகுறை உடையோடு அரசவையினர் கூடங்களில் குவிகிறார்கள். அழுபவர்களில் யார் உண்மையில் அழுகிறார், யார் கண்களைத் துடைப்பதாகப் பாவனை செய்கிறார், மகிழ்ச்சியை அடக்க முடியாமல் யாருடைய உடல் நிலைகொள்ளாமல் தவிக்கிறது என்று ஒவ்வொரு முகமாக அவர் பிரித்துக் காட்டுகிறார். துயரம் கனத்து நிற்கும் அந்த அறையில், ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பருத்த சுவிஸ் காவலன் ஒருவன் கொட்டாவியோடு நீட்டிய வெறுங்கை பெண்களைத் திடுக்கிட வைக்கிறது. இப்படியொரு கையைப் புனைந்து எழுத முடியாது. அங்கே நின்றவனுக்கே அது தென்படும். இறந்தவரைச் சூழ்ந்திருந்த கூட்டம் தமக்கு எதிரானது என்பதால், அந்தச் சாவில் தமக்கு எழுந்த நிம்மதியையும் அவர் மறைக்கவில்லை. தன் மனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சாட்சியை எந்த நீதிபதியும் எளிதில் தள்ளிவிட மாட்டார்.

நேரில் காணாதவற்றில் நிலைமை வேறு. 1688இல் தொடங்கிய பெரும் போருக்கு அவர் சொல்லும் காரணம் ஒரு சாளரம். த்ரியானோன் மாளிகையைக் கட்டும்போது ஒரு சாளரம் மற்றவற்றோடு ஒத்து அமையவில்லை என்று மன்னர் கண்டுபிடிக்கிறார். கட்டடப் பொறுப்பும் போர்த்துறைப் பொறுப்பும் வகித்த அமைச்சர் லூவ்வா மறுக்கிறார். தோட்டக் கலைஞர் ல நோத்ர் அளந்து பார்த்து மன்னர் சொன்னதே சரி என்கிறார். எல்லார் முன்னிலையிலும் வசைபட்ட லூவ்வா, மன்னருக்குத் தாம் மீண்டும் தேவைப்பட வேண்டும் என்று போரை மூட்டுகிறார். கதை அழகாக இருக்கிறது. ஆனால் ரைன் எல்லையையும் ஜெர்மானிய அரசுகளின் கூட்டணியையும் ஒரு சாளரத்துக்குள் அடக்கும் இதை வரலாற்றாசிரியர்கள் போரின் காரணமாக ஏற்பதில்லை. அப்போது சேன்-சிமோனுக்குப் பதின்மூன்று வயது. அவ்வாறே, 1712 பிப்ரவரியில் ஆறே நாள் இடைவெளியில் இறந்த, மன்னரின் பேரனும் அரியணைக்கு அடுத்த வாரிசுமான பூர்கோன் டியூக்கும் அவருடைய மனைவியும் நஞ்சூட்டப்பட்டதாக அவர் உறுதியாக நம்பினார். இன்றைய கணிப்பு தட்டம்மை என்பதே. அந்த டியூக் அரியணை ஏறினால் நாட்டைச் சீர்திருத்தலாம் என்று திட்டங்கள் வகுத்துக் காத்திருந்தவர் அவர். நம்பிக்கை அனைத்தும் ஒரே வாரத்தில் மண்ணான துயரத்தில், இயற்கையான நோயை ஏற்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. பகையும் இப்படியே அவர் கண்ணை மறைத்தது. மன்னர் இரகசியமாக மணந்த மாந்தனோன் சீமாட்டி, தளபதி வாந்தோம் டியூக், மன்னரின் மகன் மேன் டியூக் ஆகியோரைப் பற்றி அவர் எழுதிய வரிகளை வேறு ஆவணங்களின் துணையின்றி ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மேன் டியூக்தான் இந்த ஆய்வின் மையத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறார். அவரும் தம்பி துலூஸும், மன்னருக்கும் மோந்தேஸ்பான் சீமாட்டிக்கும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர்கள். மன்னர் 1694இல் இவர்களைப் பியர்களுக்கு மேலாகவும் அரச இரத்த இளவரசர்களுக்குக் கீழாகவும் ஓர் இடைவரிசையில் அமர்த்தினார். 1714இல் அரியணை உரிமையையே வழங்கினார். சேன்-சிமோனின் கண்ணில் இது தனிப்பட்ட அவமதிப்பு மட்டுமன்று. மன்னரின் விருப்பத்துக்கு மேலான ஓர் ஒழுங்கு நாட்டில் உண்டு என்றும், அந்த ஒழுங்கை மன்னரே உடைத்தால் எதுவும் நிலைக்காது என்றும் அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நாம் ஏற்கத் தேவையில்லை. ஆனால் மன்னரின் வரம்பற்ற அதிகாரத்தை அவர் துணிந்து கண்டித்ததற்கு அதுவே வேர். ஆழ்ந்த கத்தோலிக்கராக இருந்தும், புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டுரிமையை 1685இல் பறித்ததையும் அதனால் விளைந்த கொடுமைகளையும் அவர் கடுமையாகச் சாடி எழுதியது இதே வேரிலிருந்துதான்.

1715 செப்டம்பர் 1 அன்று பதினான்காம் லூயி இறந்தார். குழந்தை மன்னருக்காக ஆட்சியை ஏற்ற ஒர்லேயான் டியூக், சேன்-சிமோனை ஆட்சிக் குழுவில் சேர்த்தார். 1717இல் மேன் டியூக்கின் அரியணை உரிமை நீக்கப்பட்டது. 1718 கோடையில், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லாவின் நிதித் திட்டங்களை எதிர்த்துப் பார்லமான் கிளம்பியபோது, அதை அடக்குவதோடு மேன் டியூக்கையும் ஒரே நாளில் வீழ்த்துவது என்று முடிவாயிற்று. அதற்கான வழி 'நீதி மஞ்சம்' எனப்பட்ட சடங்கு. மன்னர் மெத்தைகளின் மேல், விதானத்தின் கீழ் அமர்ந்து தம் ஆணையைப் பார்லமான் பதிவு செய்யும்படி நேரில் கட்டளையிடுவது அது. வழக்கமான நீதிமன்றத்தில் நடத்தாமல் துய்லரி அரண்மனையில் நடத்தினால் எதிரிகளுக்குக் கடைசி நொடி வரை எதுவும் தெரியாது. ஆனால் மேடைகளும் இருக்கைகளும் வேண்டுமே! அரசு தட்டுமுட்டுப் பண்டகசாலையின் பொறுப்பாளர் ஃபோந்தான்யூவோடு இரகசியமாக அமர்ந்து, எந்த இருக்கை எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்று விளக்கியவர் சேன்-சிமோனே. சடங்கின் அளவுகளை விரல் நுனியில் வைத்திருந்தவர் அவர்தான்.

ஆகஸ்ட் 26 காலையில் ஆட்சிக் குழு கூடியது. காற்றில் ஏதோ இருப்பதை உணர்ந்த மேன், துலூஸ் சகோதரர்கள் குழு தொடங்குமுன் வெளியேறினார்கள். பார்லமானின் நீதிபதிகள் சிவப்பு அங்கிகளில் தெருவழியே நடந்து வந்து சேர்ந்தார்கள். எட்டு வயது மன்னர் விதானத்தின் கீழ் அமர்ந்தார். முதலில் பார்லமானின் தீர்மானங்கள் ரத்து செய்யப்பட்டன. தலைமை நீதிபதி த மேம் எழுந்து ஆட்சேபித்தபோது, முத்திரைக் காப்பாளர் தார்ஜான்சோன் மன்னரை நெருங்கிக் குனிந்துவிட்டுத் திரும்பி, தமக்குக் கீழ்ப்படிய வேண்டும், உடனே கீழ்ப்படிய வேண்டும் என்பது மன்னரின் விருப்பம் என்று அறிவித்தார். அதன் பின்னரே முறையற்ற பிள்ளைகள் பியர்களின் வரிசைக்கு இறக்கப்படும் ஆணை வாசிக்கப்பட்டது. துலூஸுக்கு மட்டும், அவர் வாழ்நாள் வரை, பழைய மரியாதை திருப்பித் தரப்பட்டது. சிறுவன் மன்னரின் கல்விப் பொறுப்பும் மேனிடமிருந்து பூர்போன் டியூக்குக்கு மாற்றப்பட்டது.

அந்த நேரத்தில் தம் முகத்தின் மேல் கூடுதலாக ஒரு பூச்சு அடக்கத்தையும் கம்பீரத்தையும் பூசிக்கொண்டதாக அவர் எழுதுகிறார். உள்ளே மகிழ்ச்சியால் செத்துக்கொண்டிருந்ததாகவும், இதயம் விரிந்து விரிந்து இனி விரிய இடமில்லாமல் மயக்கமே வந்துவிடுமோ என்று அஞ்சியதாகவும் சொல்கிறார். இந்தத் தலைமை நீதிபதிதான் பியர்களிடம் கருத்துக் கேட்கும்போது தொப்பியைக் கழற்ற மறுத்து வந்தவர். அந்தத் தொப்பிச் சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இப்போது அவருடைய முகம் வெளிறுவதையும் முழங்கால்கள் நடுங்குவதையும் அணு அணுவாகப் பருகுகிறார். இந்தப் பக்கங்கள் அழகானவை அல்ல. பழி தீர்த்துக்கொண்ட ஒருவரின் குரூரம் அவற்றில் அப்பட்டமாக இருக்கிறது. அதே வேளை, தன் வெறுப்பின் முழு அளவையும் இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்த வேறொரு அரசவை மனிதரை நான் படித்ததில்லை. அன்றைய மகிழ்ச்சிக்கு அவர் விலையும் கொடுத்தார். மேன் டியூக்கின் உடன்பிறந்த தங்கையே ஆட்சிப் பொறுப்பாளரின் மனைவி. அந்தச் செய்தியை சேன்-குளூ மாளிகைக்குப் போய் அவளிடம் சொல்லும் வேலையை, அவர் எவ்வளவு மறுத்தும், ஒர்லேயான் டியூக் அவர் தலையிலேயே சுமத்தினார்.

அதன் பின் ஏறுமுகம் இல்லை. 1721-22இல் இளம் மன்னருக்கும் மூன்று வயது ஸ்பானிய இளவரசிக்கும் நிச்சயிக்கப்பட்ட திருமணத்துக்காக ஸ்பெயினுக்குத் தூதராகச் சென்றார். பெரியம்மையில் விழுந்து எழுந்தார். ஸ்பெயினின் மிக உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்றார். பெரும் செலவைச் சுமந்து திரும்பினார். 1723 டிசம்பர் 2 அன்று ஒர்லேயான் டியூக் இறந்ததும் அரசியல் வாழ்வு முடிந்தது.

1729-30 அளவில், அரசவைப் பிரபு தாஞ்ஜோ மார்க்கி 1684 முதல் 1720 வரை நாள்தோறும் எழுதிய நாட்குறிப்பு அவர் கைக்கு வந்தது. யார் எங்கே வேட்டைக்குப் போனார், யாருக்கு எந்தப் பதவி கிடைத்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத அந்த வறண்ட எழுத்து அவருக்குக் குமட்டியது. ஆனால் அதைப் படியெடுக்கச் செய்து, ஓரங்களில் தம் குறிப்புகளைச் சேர்த்தார். 1739 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் இறுதி வடிவத்தை எழுதினார். ஆக நாள்களும் தேதிகளும் பெரும்பாலும் தாஞ்ஜோவின் எலும்புக்கூடு. சதையும் இரத்தமும் சேன்-சிமோனுடையவை. 1718இன் அந்தக் காலை, அவர் எழுதும்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் பழையது. முழங்கால் நடுக்கம் நினைவா, விருப்பமா என்ற ஐயம் நியாயமானது. என் எண்ணத்தில் இரண்டும் அதில் கலந்திருக்கின்றன.

1743 ஜனவரியில் மனைவி இறந்தபோது கையெழுத்துப் பிரதி நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை; கண்ணீர்த் துளிகளின் வரிசை ஒன்றும் ஒரு சிலுவையும் மையால் வரையப்பட்டிருக்கின்றன. பல மாதங்களுக்குப் பிறகே எழுத்து தொடர்கிறது. தம் சவப்பெட்டியை மனைவியின் சவப்பெட்டியோடு, உடைத்தாலன்றிப் பிரிக்க முடியாதபடி இரும்பு வளையங்களாலும் கொக்கிகளாலும் பிணைக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்தார். மகன்கள் இருவரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால், அவர் காத்த டியூக் பட்டம் அவரோடு முடிந்தது. அவருடைய பண்ணை ஊரான லா ஃபெர்தே-விதாமில் இருந்த கல்லறை 1794இல் உடைக்கப்பட்டு, எலும்புகள் பொதுக் குழியில் கொட்டப்பட்டன.

பிரதியை 1760இல் அமைச்சர் ஷுவாசெல் அரசின் வெளியுறவு ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். இலக்கிய வட்டம் நடத்திய தூ தெஃபான் சீமாட்டியைப் போன்ற சிலர் மட்டும் சலுகையாகப் படித்தார்கள். சிதைந்த பகுதிகள் அங்குமிங்கும் அச்சேறின. முழுமையை நெருங்கிய முதல் பதிப்பு 1829இல்தான் வரத் தொடங்கியது. ஆனால் இந்தச் சாட்சியின் உண்மையான குறுக்கு விசாரணை 1879இல் புவாலில் என்ற பதிப்பாசிரியர் தொடங்கிய பதிப்பிலேயே நடந்தது. அவர் 1908இல் இறந்த பிறகும் மற்றவர்கள் தொடர்ந்து, 1930 வரை நாற்பத்தொரு தொகுதிகளாக அதை முடித்தார்கள். பக்கத்தின் மேற்பகுதியில் டியூக் சீறிப் பாய்ந்து செல்ல, கீழே சிறிய எழுத்தில் கடிதங்களும் நீதிமன்றப் பதிவுகளும் தாஞ்ஜோவின் தேதிகளும் வரிக்கு வரி அவரை நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டே வருகின்றன. பல பக்கங்களில் கீழ்ப்பகுதியே மேற்பகுதியைவிட நீளம்.